இலங்கையில் துப்பாக்கிக் கட்டுப்பாடும் வன்குற்றங்களும்: திருகோணமலை மாவட்டத்தை முன்வைத்து

பொதுமக்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் சட்டத்தால் மட்டுப்படுத்தினால் கொலை, கொள்ளை, ஆயுதத் தாக்குதல் போன்ற வன்குற்றங்கள் குறையுமா என்பது குற்றவியலில் நெடுங்காலமாக வழக்காடப்படும் கேள்வி. இதைப் பெரும்பாலும் அமெரிக்காவை வைத்தே பேசுகிறார்கள். அங்கே 100 பேருக்கு ஏறத்தாழ 120 துப்பாக்கிகள் குடிமக்கள் கையில் இருப்பதாக ஜெனீவாவின் சிறு ஆயுத ஆய்வகம் மதிப்பிடுகிறது. இலங்கையில் அந்தக் கணக்கு 100 பேருக்கு இரண்டு அல்லது மூன்றுதான். கட்டுப்பாடும் நூறாண்டுக்கு மேற்பட்டது. அப்படியிருந்தும் பட்டப்பகலில், நீதிமன்றத்துக்கு உள்ளேயே மனிதர்கள் சுடப்படுகிறார்கள். ஆகவே இலங்கையில் இந்தக் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்க வேண்டும்: யாருடைய துப்பாக்கியைக் கட்டுப்படுத்தினால் எந்தக் குற்றம் குறையும்?

துவக்கு ஒரு நாட்டுக்குள் எந்தெந்த வழியால் வந்து எந்தெந்தக் கைக்குப் போகிறது என்பதைப் பார்க்கத் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா வட்டாரம் பொருத்தமானது. மாவட்டத் தலைநகரில் கிழக்குக் கடற்படைத் தலைமையகம், பிரெட்ரிக் கோட்டையில் இராணுவம், சீனக்குடாவில் விமானப்படை. போர்க்காலத்தில் குடாவின் மறுகரையில் சம்பூர் விடுதலைப் புலிகளின் கையில். இடையே வயலும் மேய்ச்சலும் மீன்பிடியுமாக வாழ்ந்த முஸ்லிம், தமிழ், சிங்கள ஊர்கள். துப்பாக்கி இல்லாத ஊரென்று இந்தப் பக்கத்தில் எதையும் சொல்ல முடியாத காலம் ஒன்று இருந்தது.

சட்டம்

இலங்கையில் துப்பாக்கி வைத்திருத்தலை ஒழுங்குபடுத்துவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். 1915 சிங்கள – முஸ்லிம் கலவரமும் இராணுவச் சட்டமும் கண்ட நாட்டில் அடுத்த ஆண்டே வந்த சட்டம் இது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே இதன்படி குற்றம். பயிர்க் காவலுக்கான துவக்குக்கு மாவட்டச் செயலாளர் அனுமதி தருவார். தற்காப்புக்கான கைத்துப்பாக்கிக்குப் பாதுகாப்பு அமைச்சிடம் போக வேண்டும். அனுமதி வாழ்நாளுக்கு உரியதன்று, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கைக்குண்டு, வெடிகுண்டு போன்றவற்றை 1966ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஆபத்தான ஆயுதங்கள் சட்டம் தனியே கையாள்கிறது.

1996இல் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. பாரிய குற்றமொன்றில் துப்பாக்கியைப் பயன்படுத்தினால் ஆயுள்தண்டனை, மரணதண்டனை வரை போகலாம். 1976க்குப் பின் இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பதால் அந்த மரணதண்டனை ஏட்டளவில்தான். எழுத்தில் உள்ள சட்டத்தை மட்டும் பார்த்தால் உலகின் கடுமையான துப்பாக்கிச் சட்டங்களில் ஒன்று இலங்கையுடையது என்று தயங்காமல் சொல்லலாம்.

கிளர்ச்சிகளும் போரும்

அனுமதிபெற்ற துவக்கு ஒழுங்கான விவசாயியின் வீட்டுச் சுவரில் தொங்கும்வரை ஆபத்தில்லை என்ற வாதத்துக்கு இலங்கை வரலாறு ஒத்துப்போகவில்லை. 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணி பொலிஸ் நிலையங்களைத் தாக்கியபோது அதன் இளைஞர்கள் ஏந்தியவற்றில் பெரும்பங்கு கிராமத்து வீடுகளில் பறித்த வேட்டைத் துவக்குகளும் கையால் செய்த குண்டுகளும். 1987 – 89 கிளர்ச்சியிலும் அதே வழி. 1987 ஏப்ரலில் பல்லேகல இராணுவ முகாமைத் தாக்கி எடுத்தவை அதற்கு மேல். வடக்கிலும் ஆயுத இயக்கங்கள் ஆரம்பத்தில் வீட்டுத் துவக்குகளைத் தேடி எடுத்தன, பிறகு பொலிஸ் நிலையங்களுக்குப் போயின. 1984 நவம்பர் 20 சாவகச்சேரி பொலிஸ் நிலையத் தாக்குதல் அந்த வரிசையில் வருவது.

கிழக்கில் ஆயுதம் பெருகியதற்கு இன்னொரு வழியும் இருந்தது. அரசே கொடுத்தது. 1980களின் நடுவில் ஊர்காவல் படை உருவாக்கப்பட்டு எல்லைக் கிராமத்தவருக்கு முதலில் சொட்கண்ணும் பின்னர் தானியங்கித் துப்பாக்கியும் வழங்கப்பட்டன. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். சில நாட்களில் ஏறாவூரிலும் படுகொலை நடந்தது. அதன்பின் கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலும் ஊர்காவல் படை விரிந்தது. இரவில் ஊரைக் காக்க ஆயுதம் கேட்ட மக்களின் அச்சத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கொடுத்த துவக்கு காவலோடு நிற்கவில்லை. 1996 பெப்ரவரி 11இல் மூதூருக்கு அப்பால் குமாரபுரத்தில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ப் பொதுமக்கள் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டபோது இராணுவத்தினரோடு ஊர்காவல் படையினரும் குற்றஞ்சாட்டப்பட்டனர். 20 ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலையில், அநுராதபுரம் மேல் நீதிமன்றம் எஞ்சியிருந்த எதிரிகளான முன்னாள் இராணுவத்தினரை விடுவித்தது. ஊர்காவல் படை 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாறியது.

2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் 2019 ஜூலையில் விடுதலையானார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் எதுவும் இவ்வகைக் கொலையைத் தொடுவதில்லை. அந்தச் சட்டம் குடிமகனைப் பற்றியது. சீருடையில் இருப்பவரின் துப்பாக்கி அதற்கு வெளியே நிற்கிறது.

ஒப்பந்தம் போட்டு ஆயுதம் களையும் முயற்சிகளும் நடந்தன. 1987 ஜூலை 29 இந்திய – இலங்கை ஒப்பந்தம், போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்து 72 மணி நேரத்தில் இயக்கங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றது. ஓகஸ்ட் 5 பலாலியில் நடந்த ஆயுத ஒப்படைப்பு பெரும்பாலும் சடங்கு. ஒக்டோபரில் போர் மீண்டும் மூண்டது. 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கை தமிழ்த் துணைப்படைக் குழுக்களின் ஆயுதத்தை 30 நாட்களுக்குள் களையும் பொறுப்பை அரசிடம் விட்டது. அதுவும் முழுமையாக நடக்கவில்லை. ஒரு தரப்பு மட்டும் ஆயுதத்தைக் கீழே வைக்கும் என்று யாரும் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது.

துவக்குப் போய் வாள் வந்தது

2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் வடக்கில் குடிமக்களின் கையில் துப்பாக்கி ஏறத்தாழ இல்லாமல் போனது. வன்முறை போகவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆவா குழு போன்ற பெயர்களோடு இளைஞர் கும்பல்கள் மோட்டார் சைக்கிளில் வந்து வாளால் வெட்டின, வீடுகளை அடித்து நொறுக்கின. ‘வாள்வெட்டு’ என்பது நாளேடுகளின் அன்றாடத் தலைப்பானது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்ப்பவர்கள் சொல்லும் மாற்றுவழி வாதத்துக்கு, அதாவது ஒரு ஆயுதம் கிடைக்காவிட்டால் இன்னொன்றை எடுப்பார்கள் என்பதற்கு, இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஆனால் அந்தச் செய்திகளை இறுதி வரி வரை படித்தால் வேறொன்றும் தெரியும். வெட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் யாழ் போதனா வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள். கைவிரல் போனது, தோள் பிளந்தது, ஆனால் உயிர் மிஞ்சியது. அதே இளைஞர்கள், அதே ஆத்திரத்தோடு, ரி-56 துப்பாக்கி ஏந்தி வந்திருந்தால் அந்த வீடுகளில் இழவுதான் விழுந்திருக்கும். 1968இல் அமெரிக்க ஆய்வாளர் பிராங்க்ளின் சிம்ரிங் சிகாகோ பொலிஸ் பதிவுகளை வைத்து இதைத்தான் காட்டினார். கத்தித் தாக்குதலைவிடத் துப்பாக்கித் தாக்குதல் ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாக உயிரைப் பறித்தது. தாக்கியவர்களின் நோக்கம் இரண்டிலும் பெரிதாக வேறுபடவில்லை. கையில் அகப்பட்ட கருவிதான் வேறுபட்டது.

துப்பாக்கி அரிதான இடத்தில் ஒரேயொரு துப்பாக்கி எதைச் செய்யும் என்பதற்கும் யாழ்ப்பாணம் சான்று தருகிறது. 2017 ஜூலை 22 மாலை நல்லூர்ச் சந்தியில் மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியனின் வாகனம் நெரிசலில் நின்றது. வழியை ஒழுங்குசெய்ய இறங்கிய மெய்ப்பாதுகாவலரின் இடுப்பிலிருந்து கைத்துப்பாக்கியைப் பறித்தவன் அவரையே சுட்டான். அந்தப் பொலிஸ் சார்ஜன்ட் இறந்தார். சுட்டவன் சந்திக்குத் துப்பாக்கி கொண்டுவந்திருக்கவில்லை. அரசின் துப்பாக்கியே அவன் கைக்குப் போனது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களின் பின் வாள்களையும் கூரிய ஆயுதங்களையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் மே மாதத் தொடக்கத்தில் காலக்கெடு விதித்தார்கள். அன்றாட வேலைக்கு வேண்டிய கத்திகளுக்கு விலக்கு உண்டு என்றார்கள். மாடறுப்பும் மீன்வெட்டும் வயல்வேலையும் உள்ள கிண்ணியா போன்ற ஊரில் எது அன்றாடக் கத்தி, எது ஆயுதம் என்று வீடுவீடாகத் தேடுதல் நடத்தும் சிப்பாய் எப்படி முடிவு செய்வான்? வாளையும் கத்தியையும் கட்டுப்படுத்துவது இந்த இடத்தில்தான் இடறுகிறது. துப்பாக்கிக்கு இந்தக் குழப்பம் இல்லை.

பூச்சிமருந்துத் தடை

கருவியைக் கிடைக்காமல் செய்தால் சாவு குறையுமா என்ற கேள்விக்கு உலக அளவில் மேற்கோள் காட்டப்படும் மிக வலுவான சான்றுகளில் ஒன்று இலங்கையுடையது. அது துப்பாக்கி பற்றியது அல்ல, பூச்சிமருந்து பற்றியது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் லட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. 1984இல் பரதியோன், மெதைல்பரதியோன் தடைசெய்யப்பட்டன. 1995இல் மிகக் கொடிய நச்சு வகையில் எஞ்சியவையும் 1998இல் எண்டோசல்பானும் நிறுத்தப்பட்டன. 2008 – 2011 காலத்தில் பரகுவாட் உள்ளிட்ட மேலும் சில போயின. 1995க்குப் பின்வந்த இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் வீழ்ந்தது. நெல் விளைச்சல் விழவில்லை.

இதில் குற்றவியலாளர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை அதே அளவில் குறையவில்லை. ஆத்திரத்திலும் அவமானத்திலும் போத்தலை எடுத்த கை அப்போதும் எடுத்தது. போத்தலில் இருந்தது கொல்லாத மருந்தாக மாறியிருந்தது, அவ்வளவுதான். மனித மனத்தைத் திருத்தும் சட்டம் எதுவும் வரவில்லை. கமநல சேவை நிலையத்துக்கும் விவசாயக் கடைக்கும் வரும் பொருள்களின் பட்டியல் மாறியது.

கணவன் – மனைவி சண்டை, காணி எல்லைத் தகராறு, குடிபோதைக் கைகலப்பு ஆகியவற்றில் விழும் கொலைகளும் பெரும்பாலும் ஆத்திரத்தில் கையில் அகப்பட்டதை எடுக்கும் இந்த வகையைச் சேர்ந்தவை. இலங்கையில் நடக்கும் கொலைகளில் கணிசமானவை இப்படிப்பட்டவை. மன்னாக்கத்தி, கோடரி, பொல்லு ஆகியவைதான் பொலிஸ் சாட்சிப்பொருளாக நீதிமன்றம் வருகின்றன. இந்த வீடுகளில் துப்பாக்கி இல்லாதது பல உயிர்களைக் காத்திருக்கிறது. கூலிக்குக் கொல்பவனின் கணக்கு வேறு. அவன் ஆத்திரத்தில் கையில் அகப்பட்டதை எடுப்பவனல்லன். தேவையான கருவி கிடைக்கும்வரை காத்திருப்பவன். பூச்சிமருந்துப் பாடம் அவனிடம் அரைகுறையாகவே செல்லும்.

பிற நாடுகளின் சான்று

1996 ஏப்ரல் 28 போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின் அவுஸ்திரேலியா அரைத்தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்து ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தது. துப்பாக்கிச் சாவுகள், குறிப்பாகத் தற்கொலைகள், குறைந்தன. ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த போக்கில் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர் ஒத்துப்போகவில்லை. அதே ஆண்டு நடந்த டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பின் பிரித்தானியா கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது. அங்கே பதிவான துப்பாக்கிக் குற்றங்கள் சில ஆண்டுகள் ஏறிய பின்பே இறங்கின. கொலம்பியாவின் காலி, பொகோட்டா நகரங்களில் 1990களில் சம்பள வார இறுதி, விடுமுறை, தேர்தல் நாட்களில் துப்பாக்கியோடு வெளியே வருவதைத் தடைசெய்து பார்த்தார்கள். தடை இருந்த நாட்களில் கொலைகள் முறையே 14, 13 சதவீதம் குறைவாக இருந்தன. சட்டவிரோதத் துப்பாக்கி மலிந்த நாட்டில் கிடைத்த முடிவு என்பதால், இலங்கைக்கு அவுஸ்திரேலியக் கதையைவிடக் கொலம்பியக் கதை நெருக்கமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

வயலும் கட்டுத்துவக்கும்

திருகோணமலையின் உட்பகுதிகளான கந்தளாய், தம்பலகாமம், சேருவில பக்கங்களில் துவக்கு என்றால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது பன்றியும் யானையும். அனுமதிபெற்ற ஒற்றைக்குழல் துவக்குக்கு விண்ணப்பம், கிராம உத்தியோகத்தர் சான்று, பொலிஸ் அறிக்கை, ஆண்டுப் புதுப்பிப்பு என்று அலைச்சல். ஆகவே சிலர் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். மரத்தில் அல்லது கட்டையில் முழங்கால் உயரத்தில் கட்டிய இரும்புக்குழாய், பாதைக்குக் குறுக்கே தெரியாத நூல். பன்றி வருமென்று வைத்தது விறகு பொறுக்கப் போனவரின் காலைச் சிதைக்கும். பெரும்பாலான காயங்கள் முழங்காலுக்குக் கீழே. வைத்தவரும் சுடப்பட்டவரும் பல நேரம் ஒரே ஊரார். பொலிஸ் புள்ளிவிபரத்தில் இது துப்பாக்கிக் காயமாகவே பதிவாகும், ஆனால் யாரும் யாரையும் பகைத்ததில்லை.

இதில் கடும் சட்டமே சட்டவிரோதத்தை வளர்க்கிறது என்ற முறைப்பாடு விவசாயிகளிடம் உண்டு. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2025 மார்ச் 15 காலை 8 மணி முதல் ஐந்து நிமிடம் நாடு முழுவதும் குரங்கு, மயில், மரஅணில் கணக்கெடுப்பு நடத்திய அரசு, பயிர்ச்சேதத்துக்கு அதைவிட நீண்ட நேரம் ஒதுக்க வேண்டும். யானைவேலியும் நட்டஈடும் நேரத்துக்கு வந்தால் கட்டுத்துவக்கு தானே அருகும்.

ஆயுதக் கிடங்குகள்

போர் முடிந்தபின் இலங்கையில் கொலைகள் பொதுவாகக் குறைந்தன. 2010களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 என்றிருந்த பொலிஸ் கணக்கு, அந்தப் பத்தாண்டின் நடுவில் 500க்கு அருகே வந்தது. ஆனால் அந்தக் குறைவுக்குள்ளே ஒரு வகை மட்டும் வளர்ந்தது: பாதாள உலகக் குழுக்களின் துப்பாக்கிச் சூடு.

2004 நவம்பர் 19இல் கொழும்பு மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய தன் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2011 ஒக்டோபர் 8 உள்ளூராட்சித் தேர்தல் நாளில் அரசியல்வாதி பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர முல்லேரியாவில் இரு அரசியல் குழுக்களின் மோதலில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த மோதலில் இருந்தவை அரசியல்வாதிகளின் ‘பாதுகாப்பு’ ஆயுதங்கள். 2025 பெப்ரவரி 19இல் கொழும்பு புதுக்கடை 5ஆம் இலக்க நீதிமன்ற அறையில், கூண்டில் நின்ற பாதாள உலகத் தலைவன் கணேமுல்ல சஞ்சீவவைச் சட்டத்தரணி உடையில் வந்தவன் ரிவோல்வரால் சுட்டுக்கொன்றான். அந்த ரிவோல்வர் உள்ளே வந்தது, பக்கங்களின் நடுவைத் துப்பாக்கி வடிவில் வெட்டியெடுத்த ஒரு சட்டப் புத்தகத்துக்குள். அந்த ஆண்டில் நாட்டின் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவங்கள் நூறைத் தாண்டின. ஒக்டோபர் 22இல் வெலிகம பிரதேச சபைத் தவிசாளர் தன் அலுவலகக் கதிரையில் இருந்தபடியே சுட்டுக்கொல்லப்பட்டார்.

சுட்டவர்களின் கையில் அடிக்கடி இருப்பது சீனத் தயாரிப்பான ரி-56. அனுமதிப்பத்திரத்தோடு எந்த விவசாயிக்கும் கிடைக்காத படைத்துறைத் துப்பாக்கி அது. 2025 பெப்ரவரி இறுதியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பாராளுமன்றத்தில், இராணுவ முகாமொன்றிலிருந்து 73 ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகத்துக்குப் போனதாகவும் 38 மீட்கப்பட்டதாகவும் சொன்னார். படையிலிருந்து ஓடியவர்களின் பிரச்சினை இதோடு சேர்ந்தது. 2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை அறிவிக்கப்பட்ட பொதுமன்னிப்பில் 15,000க்கு மேற்பட்டோர் சட்டப்படி விலகினர் என்றால், ஆயுதப் பயிற்சியோடு கணக்கில் வராமல் இருந்தவர்கள் எத்தனை ஆயிரம் என்று புரியும்.

2024 இறுதியில் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென்று குடிமக்களுக்குக் கொடுத்த துப்பாக்கிகளை மீள்பரிசீலனைக்காக நவம்பர் 7க்குள் வெலிசறைக் கடற்படை வளாகத்திலுள்ள களஞ்சியத்தில் ஒப்படைக்கச் சொன்னது. காலக்கெடு பின்னர் 2025 ஜனவரி வரை நீண்டது. முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர்களின் துப்பாக்கிகளும் இதில் அடங்கும். நல்ல நடவடிக்கை, ஆனால் எளிதான பக்கத்தில் எடுத்த நடவடிக்கை. முகவரியும் அனுமதி இலக்கமும் உள்ளவரிடம் கடிதம் அனுப்பித் துப்பாக்கியைத் திரும்பப் பெறலாம். முகாமின் பின்வாசலால் போனதற்கு முகவரி இல்லை.

எனவே இலங்கையைப் பொறுத்தவரை தீர்ப்பு இது: குடிமக்களிடம் துவக்கைக் குறைவாக வைத்திருப்பது குடும்பச் சண்டையும் தெருச் சண்டையும் கொலையாக முடிவதைத் தடுத்திருக்கிறது, அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த நியாயம் எதுவும் இல்லை. கூலிக்கொலையைக் குறைக்க வேண்டுமானால் கட்டுப்பாடு முகாம்களுக்குள் போக வேண்டும். பயிர்க் காவலுக்கு ஒற்றைக்குழல் வைத்திருக்கும் கிண்ணியா விவசாயி ஆண்டுதோறும் ஒக்டோபர் 1க்கும் டிசம்பர் 31க்கும் இடையில் தன் துவக்குக்குக் கணக்குக் காட்டுகிறார். முப்படைகளினதும் பொலிஸாரினதும் ஒவ்வொரு ஆயுதக் கிடங்கும் அதே காலத்தில், துப்பாக்கி இலக்கம் இலக்கமாக, பாராளுமன்றத்துக்குக் கணக்குக் காட்டச் சட்டம் செய்ய வேண்டும்.